‘போல’ வந்தாலே உவமையா? மலையில் நின்று அணி படிக்க ஒரு வழிகாட்டி

‘நாளைக்கு மழை வரும் போல.’ பெருமாள் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து டீக்கடையில் ஒருவர் சொல்கிறார். வாக்கியத்தில் ‘போல’ இருக்கிறது. உவமை இல்லை. அது வெறும் ஊகம். எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. அணி இலக்கணம் படிப்பவர்கள் முதலில் வழுக்கும் இடம் இதுதான்: ‘போல’ என்ற உருபைக் கண்டதும் அணியின் பெயரை எழுதிவிடுவது.

பெயர் கடைசியில் வரவேண்டும். அதற்கு முன் பாட்டுக்குள் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அந்த வேலையைப் பழனி மலையையும் நீலகிரியையும் எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களை மற்ற ஊர்க்காரர்கள் உரையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மலைக்காரர்களுக்கு அவற்றில் பாதி வாசலிலேயே நிற்கிறது.

நான்கு கட்டம்

நோட்டில் ஒரு பக்கத்தை நான்காகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: பொருள், உவமை, பொதுத்தன்மை, உருபு. சொல்ல வந்தது பொருள் (உவமேயம் என்பதும் இதுவே). அதை விளக்கக் கொண்டுவந்து காட்டுவது உவமை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பொதுத்தன்மை. இரண்டையும் இணைக்கும் சொல் உருபு.

‘புல்வெளியில் உறைபனி உப்புப் போல வெளுத்துக் கிடந்தது.’ பொருள் உறைபனி, உவமை உப்பு, பொதுத்தன்மை வெண்மை, உருபு ‘போல’. நான்கும் நிரம்பிவிட்டன. இப்படிப் பொதுத்தன்மை வெளிப்படையாக வந்தால் விரியுவமை.

‘வெளுத்து’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ‘உறைபனி உப்புப் போலக் கிடந்தது.’ மூன்றாவது கட்டம் காலி. இது தொகையுவமை. வெண்மையா, பொருபொருவென்ற தன்மையா, கரைந்துபோவதா? படிப்பவர்தான் நிரப்ப வேண்டும். கட்டம் காலியாக இருப்பதை உங்கள் பிழை என்று நினைத்து அவசரமாக எதையாவது எழுதிவிடாதீர்கள். நல்ல பாட்டில் வேலை நடப்பது பெரும்பாலும் அந்தக் காலிக் கட்டத்தில்தான்.

உருபுகளில் நன்னூல் பெயர் சொல்லிக் காட்டுவது 12: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. ‘பிறவும்’ என்று கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. அதனால் நம் வாயில் தினமும் புழங்கும் ‘மாதிரி’, ‘கல்லாட்டம் உட்கார்ந்திருக்கான்’ என்பதில் வரும் ‘ஆட்டம்’ ஆகியவற்றையும் தயங்காமல் உருபுக் கட்டத்தில் எழுதலாம்.

பொதுத்தன்மை எவ்வகையைச் சேர்ந்தது என்று பார்ப்பதற்குத் தொல்காப்பியம் தரும் நான்கு வகையே போதும்: வினை, பயன், மெய், உரு. சோலைக்காட்டு அட்டை போல ஒட்டிக்கொண்டான் என்றால் வினை. மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். தூண் போன்ற பாறை என்றால் மெய். உப்புப் போன்ற உறைபனி என்றால் உரு. கடைசி இரண்டும்தான் குழப்பும். இங்கே ‘மெய்’ என்பது வடிவம், ‘உரு’ என்பது நிறம். இன்றைய பேச்சில் உரு என்றால் வடிவம் என்றே எடுத்துக்கொள்கிறோம். அதனால் மாற்றி எழுதிவிடுகிறோம்.

இனி ஓர் உண்மையான பாட்டில் இதை வைத்துப் பார்க்கலாம். குறுந்தொகை 47-ஆம் பாட்டு இப்படித் தொடங்குகிறது:

கருங்கால் வேங்கை வீஉகு துறுகல்
இரும்புலிக் குருளையின் தோன்றும்

கரிய அடிமரத்தை உடைய வேங்கை. அதன் பூ (வீ) உதிர்ந்து கிடக்கும் உருண்டைக் கல் (துறுகல்). அது பெரிய புலியின் குட்டி போலத் தோன்றுகிறது. பொருள்: பூ உதிர்ந்த துறுகல். வெறும் துறுகல் என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான். பூ இல்லாத கல்லில் புலிக்குட்டியின் நிறம் வராது. உவமை: புலிக்குட்டி. உருபு: ‘குருளையின்’ என்பதில் உள்ள ‘இன்’. பொதுத்தன்மை: காலி. வேங்கைப் பூ மஞ்சள். இருண்ட கல்லின் மேல் அது திட்டுத்திட்டாகக் கிடப்பதால் உரு ஒத்துப்போகிறது. கல்லின் உருண்டையால் மெய்யும் ஒத்துப்போகிறது. இரண்டையும் எழுதலாம்.

குட்டி கிடந்தால் தாய் தூரத்தில் இருக்காது என்பது காட்டோரம் வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைவியைக் காண இரவில் களவாக வரும் தலைவன் நடக்கும் பாதை அது. அச்சம் என்ற சொல் இல்லாமலேயே அச்சம் வந்துவிடுகிறது. பாட்டு முடிவது ‘நெடுவெண் ணிலவே’ என்ற விளியில். எழுதியவரின் சொந்தப் பெயர் தெரியாததால் அந்தத் தொடரையே பெயராக்கி நெடுவெண்ணிலவினார் என்று அழைத்துவிட்டார்கள்.

உருபு போய்விட்டால்

உருபு மறைந்தால் இரண்டு வழி. ‘போர்வைப் பனி’ என்றால் போர்வை போன்ற பனி: உவமைத்தொகை. ‘பனிப்போர்வை’ என்றால் பனியாகிய போர்வை: உருவகம். எந்தச் சொல் முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். உவமை முன்னால் வந்தால் உவமைத்தொகை. பொருள் முன்னால் வந்தால் உருவகம். சந்தேகம் வந்தால் நடுவில் ‘போன்ற’, ‘ஆகிய’ இரண்டையும் மாறி மாறிப் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்று பொருந்தும், மற்றது இடறும்.

உருவகத்தில் ஒன்றை மட்டும் உருவகித்து, அதோடு சேர்ந்த மற்றதைச் சொல்லாமல் விட்டால் ஏகதேச உருவகம். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்ற குறளில் பிறவி கடலாகிவிட்டது. இறைவன் அடி தெப்பமாக்கப்படவில்லை. இதில் நடக்கும் தவறு, விடுபட்ட பாதியை நாமே நிரப்பி ‘முழு உருவகம்’ என்று எழுதிவிடுவது. பாட்டில் இருப்பதை மட்டும் எண்ணுங்கள்.

இப்போது ஒரே வாக்கியத்தை மூன்று அணியாக மாற்றிப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலில், கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறது. ஏற்றம் அவ்வளவு செங்குத்து. எஞ்சினின் பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறும். அதுவும் பெட்டிகளை இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு.

‘பல்சக்கரம் இல்லாத எஞ்சின் கல்லாறு தாண்டாது, அதுபோல, பழகாத இடத்தில் கெட்டிக்காரனும் திணறுவான்.’ உருபு இருக்கிறது: உவமையணி.

‘பல்சக்கரம் இல்லாத எஞ்சின் கல்லாறு தாண்டாது. பழகாத இடத்தில் கெட்டிக்காரனும் திணறுவான்.’ இரண்டு வாக்கியமும் இருக்கின்றன, ‘அதுபோல’ மட்டும் இல்லை: எடுத்துக்காட்டு உவமை. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்ற முதல் குறள் இந்த வகை.

‘பல்சக்கரம் இல்லாத எஞ்சின் கல்லாறு தாண்டாது.’ இவ்வளவுதான். புது வேலையில் திணறும் ஒருவரைப் பார்த்துச் சொல்கிறார்கள். அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது பிறிது மொழிதல். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் தேரும் நாவாயும் மட்டுமே வருகின்றன. இடனறிதல் என்ற அதிகாரத்தில் அது நிற்பதால்தான் பொருள் பிடிபடுகிறது. அதனால் பிறிது மொழிதல் என்று எழுதுவதற்கு முன், சொல்லாமல் விட்ட பொருள் எது என்று ஒரு வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது ரயிலைப் பற்றிய தகவல் மட்டுமே.

வேற்றுமை அணிக்கு இரண்டு படி தேவை: முதலில் ஒப்பு, பிறகு வேறுபாடு. ‘ஏரியும் கண்ணாடியும் மலையைக் காட்டும், காற்றடித்தால் ஏரி மட்டும் மறைத்துவிடும்.’ ஒப்பைச் சொல்லாமல் வேறுபாட்டை மட்டும் சொன்னால் அணி ஆகாது.

பேகன் செய்த தற்குறிப்பேற்றம்

‘போல’ ஏமாற்றும் இன்னொரு இடம் இது. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று சமவெளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ‘இன்றைக்கு இவ்வளவுதான் என்று கதவைச் சாத்துவது போல மேகம் ஏறி வந்தது.’ நான்கு கட்டத்தில் போட்டுப் பாருங்கள். மேகத்துக்கு ஒப்பாக எந்தப் பொருளும் இல்லை. இருப்பது ஒரு நோக்கம். சமவெளிக் காற்று சூடாகிச் சரிவில் ஏறுகிறது, குளிர்ந்து மேகமாகிறது. அது இயல்பான நிகழ்ச்சி. கதவைச் சாத்தும் எண்ணம் எழுதுகிறவர் தன் குறிப்பை அதன்மேல் ஏற்றியது. மதுரைக் கோட்டைக் கொடிகள் ‘வாரல் என்பனபோல்’ கைகாட்டின என்று சிலப்பதிகாரம் சொல்வதும் இதுவே. கொடி காற்றில் ஆடுகிறது. கோவலனைத் தடுப்பதாகச் சொல்பவர் இளங்கோ.

சோதிக்க ஒரே கேள்வி போதும்: நோக்கத்தை நீக்கினாலும் நிகழ்ச்சி தானாக நடக்குமா? நடக்கும் என்றால் தற்குறிப்பேற்றம்.

பழனி அன்று பொதினி. ஆவியர் குடித் தலைவன் பேகனின் ஊர். காட்டு மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் என்பது அவன் கதை. மயில் அதன் இயல்புக்குத் தோகையை அசைத்திருக்கும். குளிர் என்ற காரணத்தை ஏற்றியவன் பேகன். புலவர்கள் பாட்டில் செய்வதை அவன் போர்வையைக் கையில் எடுத்துச் செய்துவிட்டான். இப்படிப் பின்விளைவோ தகுதியோ பாராமல் கொடுப்பதற்குக் கொடைமடம் என்று பெயர். அந்தச் சொல்லை வசை என்று எழுதிவிடாதீர்கள், பாராட்டுதான்.

வேங்கை, தேயிலை, பூண்டு

சிலேடை இரண்டு வகை. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்தால்தான் தரும் என்றால் பிரிமொழிச் சிலேடை. வேங்கை ஒன்றே இரண்டுக்கும் போதும். மரம், புலி என்று கொண்டால் செம்மொழி. வேம் கை, அதாவது வேகின்ற கை என்று பிரித்தால் பிரிமொழி. ஆனால் இரு பொருள் உள்ள சொல் வந்தாலே சிலேடை என்று எழுதக் கூடாது. அந்த இடத்தில் இரண்டு பொருளும் வாக்கியத்தோடு முடிவு வரை ஒத்துப்போக வேண்டும். மேலே பார்த்த குறுந்தொகைப் பாட்டில் வேங்கை மரம் மட்டுமே, பூ உதிர்க்கிறதே.

ஒரே சொல்லோ ஒரே பொருளோ திரும்பத் திரும்ப வந்தால் பின்வருநிலை. ‘படி ஏறி வந்து படி என்றார்’ என்பதில் சொல் ஒன்று, பொருள் இரண்டு: சொல் பின்வருநிலை. சொல்லும் பொருளும் மாறாமல் வந்தால் சொற்பொருள் பின்வருநிலை. வேறு வேறு சொல், ஒரே பொருள் என்றால் பொருள் பின்வருநிலை.

ஆகுபெயருக்கு நீலகிரியிலிருந்து ஒன்று, கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒன்று. ‘குன்னூரில் தேயிலை நட்டார்கள்.’ மண்ணுக்குள் போனது இலை இல்லை, நாற்று. இலையின் பெயர் முழுச் செடிக்கும் ஆகி வந்ததால் சினையாகுபெயர். ‘பூம்பாறையில் பூண்டு நட்டார்கள்.’ இதையும் அதே வேகத்தில் சினையாகுபெயர் என்று எழுதினால் தவறு. நடுவது பூண்டுப் பல்லைத்தானே! பெயர் தன் பொருளிலேயே நிற்கிறது, ஆகுபெயரே இல்லை. அந்த வேலை வயலில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இலக்கணக் குறிப்பு சரியாக வரும். இடவாகுபெயர் எளிது: ‘ஒன்பது மணிக்குக் கொடைக்கானல் தூங்கிவிட்டது.’

காதுக்கு உரியவை

மோனை, எதுகை பார்க்கும்போது பாட்டைச் சீர் சீராகப் பிரித்து எண் போடுங்கள். சீரின் முதலெழுத்து ஒன்றினால் மோனை. முதலெழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்ற அந்த அளவுதான் பலரும் மறப்பது. ‘பாறை – கறை’ காதுக்கு இனிக்கலாம், எதுகை ஆகாது. ‘பாறை – ஆறு’ ஆகும்.

‘மலை – மழை’ என்பதை முழு எதுகை என்று எழுதாதீர்கள். லகரமும் ழகரமும் வேறு எழுத்து. இரண்டும் இடையினம் என்பதால் இன எதுகை என்ற தளர்ந்த வகையில் மட்டும் சேர்க்கலாம். ‘கரை – பறை’ அதற்கும் இடம் தராது. ஒன்று இடையினம், மற்றது வல்லினம். ர, ற வேறுபாடு நம் பேச்சில் தேய்ந்துவிட்டதால் காது ஏமாந்துபோகும். கண்ணால் சரிபாருங்கள்.

மோனையில் நேரெதிர்ச் சிக்கல்: இருப்பதைக் காணாமல் விடுவோம். ச – த, ஞ – ந, ம – வ ஆகியவை தமக்குள் மோனையாகும். ‘சாரல் – தண்மை’ மோனைதான். உயிரில் அ, ஆ, ஐ, ஔ ஒரு குழு; இ, ஈ, எ, ஏ ஒரு குழு; உ, ஊ, ஒ, ஓ ஒரு குழு.

நான்கு சீர் அடியில் எந்தெந்தச் சீரில் வருகிறது என்பதை வைத்துப் பெயர். 1, 2 இணை. 1, 3 பொழிப்பு. 1, 4 ஒரூஉ. 1, 2, 3 கூழை. 1, 3, 4 மேற்கதுவாய். 1, 2, 4 கீழ்க்கதுவாய். நான்கும் முற்று. ‘சாரல் மழையில் சாலை சறுக்கும்’ என்பது மேற்கதுவாய் மோனை. அதே சொற்களை ‘சாரல் சறுக்கும் மழையில் சாலை’ என்று மாற்றினால் கீழ்க்கதுவாய். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இப்படி ஒரே அடியைக் கலைத்துக் கலைத்து அடுக்கிப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

உள்ளுறையும் இறைச்சியும்

இந்த இரண்டும்தான் கடினம். இரண்டும் கருப்பொருளில் பிறப்பவை. குறிஞ்சியின் முதற்பொருள்: மலையும் மலைசார்ந்த இடமும், கூதிர், முன்பனி (ஐப்பசி முதல் தை வரை), யாமம். உரிப்பொருள்: புணர்தலும் அதன் நிமித்தமும். கருப்பொருள்: வேங்கை, காந்தள், தினை, மயில், கிளி, யானை, புலி, தேனெடுத்தல், முருகன் என்று நீளும். இவற்றில் தெய்வம் மட்டும் உள்ளுறைக்கு ஆகாது என்று தொல்காப்பியம் விலக்கிவிடுகிறது.

‘காய்த்த பலாவின் பழத்தைப் பாதி தின்றுவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவும் கடுவன் உள்ள மலைநாடன்’ என்று தோழி சொல்வதாக வைத்துக்கொள்வோம். (கடுவன் என்றால் ஆண் குரங்கு.) கடுவன் தலைவன், பழம் தலைவி, பாதி தின்றது களவு, தாவியது மணக்காமல் போனது. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒன்று நிற்கிறது. இது உள்ளுறை.

‘கால் இடறிய கன்றைத் தும்பிக்கையால் தாங்கி நிற்கும் யானைகள் உலவும் மலைநாடன்.’ இங்கே கன்று யார், யானை யார் என்று பொருத்தினால் ஒட்டாது. ஆனால் விலங்குக்கும் இருக்கும் பரிவு அந்த மலைக்குத் தலைவனானவனிடம் இல்லையே என்ற குறை பக்கத்தில் எழுகிறது. இது இறைச்சி. பட்டியல் போட்டுப் பொருத்த முடிந்தால் உள்ளுறை, முடியாமல் புறத்தே ஒரு குறிப்பு மட்டும் எழுந்தால் இறைச்சி என்று தொடங்குங்கள். உரைகாரர்கள் மாறுபடும் பாட்டுகள் உண்டு. அங்கே காரணத்தையும் சேர்த்து எழுதினால் போதும்.

ஒரு பாட்டு முழுதாக

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

குறுந்தொகை 3, தேவகுலத்தார் பாடியது. முதலில் யார் யாரிடம் பேசுகிறார்கள்? தோழி தலைவனைக் குறை சொல்கிறாள். தலைவி அவனைத் தாங்கிப் பேசுகிறாள். இது தெரியாமல் படித்தால் வெறும் காதல் புகழ்ச்சியாகிவிடும். உண்மையில் இது மறுப்புரை.

ஓசை: நிலத்தினும் – நீரினும் அடி மோனை. கருங்கோல் – பெருந்தேன் அடி எதுகை. ஈற்றயலடியை (கடைசிக்கு முந்தின அடி) எண்ணுங்கள், மூன்றே சீர்: நேரிசை ஆசிரியப்பா.

கட்டம்: பொருள் நட்பு. அது ‘நட்பே’ என்று கடைசிச் சொல்லாக வருவதால், முதல் வாசிப்பில் எது பெரியது என்று தெரியாமலே போகிறோம். எதிரே நிலம், வான், நீர். ஆனால் ‘நிலத்தினும்’ என்பதில் வரும் ‘இன்’, புலிக் ‘குருளையின்’ என்பதில் வந்த ‘இன்’ அல்ல. அங்கே ஒப்பு, இங்கே அதைவிட மிகுதி என்னும் உறழ்ச்சி. ‘நிலம் போலப் பெரிது’ என்று உரை எழுதினால் பாட்டே தணிந்துவிடும். மூன்றும் மூன்று அளவு: அகலம், உயரம், ஆழம்.

அவ்வளவு பெரிய மூன்றுக்குப் பிறகு கண் ஒரு செடித் தண்டுக்கு இறங்குகிறது. கருங்கோல். குறிஞ்சிப் புதரின் தண்டு கறுத்திருப்பது பக்கத்தில் போய்ப் பார்த்தவருக்குத் தெரியும். சிறு பூக்களைக் கொண்டு பெருந்தேன் இழைக்கப்படுகிறது. இழைப்பது யார்? தேனீ என்ற சொல்லே பாட்டில் இல்லை. வினை இருக்கிறது, செய்தவர் இல்லை. சிறிது சிறிதாகச் சேர்ந்து, யாரும் காணாமல் பெரிதானது அந்த நட்பு என்று உள்ளுறையாகக் கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை. கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த முறை 2030. அந்தப் பன்னிரண்டாண்டுக் கணக்கை இந்தப் பாட்டுக்குள் திணித்து, ‘அரிதாகப் பூக்கும் காதல்’ என்று குறியீடு காண்பவர்கள் உண்டு. பாட்டில் அந்தப் பேச்சே இல்லை. புதுக்கவிதையில் ஒருவர் அப்படி எழுதினால் அது அவருடைய குறியீடு. இந்தப் பாட்டின் பக்கத்தில், நான்கு கட்டத்துக்குள், அதற்கு இடமில்லை.